ஆம்ஸ்டர்டாம் ‘அரண்மனை’ ஒரு மாநகராட்சி அலுவலகம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வெளியான நெதர்லாந்துப் பயணக் கட்டுரையில், ஆம்ஸ்டர்டாம் டாம் சதுக்கத்து அரண்மனைக்கு இரண்டு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். அந்த இரண்டு பத்திக்குள் மூன்று பிழைகள். அரசர் குடியிருக்கக் கட்டிய மாளிகை என்கிறது கட்டுரை. மரத்தூண் அஸ்திவாரம் மட்கிப்போய் கான்கிரீட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்கிறது. இத்தனை பெரிய கட்டடத்துக்கு ஒழுங்காக ஒரு வாசல் வைக்கத் தெரியவில்லையே என்று கிண்டலும் செய்கிறது. படக்குறிப்பையும் சேர்த்தால் நான்கு. முதல் பிழைதான் மற்றதற்கெல்லாம் தாய். அரண்மனை என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் கட்டடத்தில் எதுவும் பொருந்தாது. மாநகராட்சி அலுவலகம் என்று தெரிந்து பார்த்தால் வாசலும் படிக்கட்டும், கதவுக்கு மேல் செதுக்கிய எலியும்கூட தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

கட்டடத்துக்குக் கடைக்கால் போட்ட 1648இல் நெதர்லாந்தில் அரசரே கிடையாது. ஏழு மாகாணங்கள் சேர்ந்த குடியரசு அது. ஸ்பெயினோடு எண்பது ஆண்டுகள் நடந்த போர் அந்த ஆண்டில்தான் மூன்ஸ்டர் உடன்படிக்கையோடு முடிந்தது. ஆம்ஸ்டர்டாமை ஆண்டவர்கள் ஒரே சமயத்தில் பதவியிலிருந்த நான்கு மேயர்கள், ஒன்பது நகர நீதிபதிகள், 36 பேர் கொண்ட நகர மன்றம். எல்லாரும் வசதியான குடும்பங்கள், பெரும்பாலும் வணிகர்கள். பழைய நகர மன்றக் கட்டடம் இடைக்காலத்தது, இடிந்துகொண்டிருந்தது. புதியதன் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1652 ஜூலையில், அது தீப்பற்றி எரிந்துபோனது. இரண்டு நாள் கழித்து ரெம்பிராண்ட் அந்தச் சிதிலத்தைக் கோட்டோவியமாக வரைந்து வைத்திருக்கிறார்.

பக்கத்திலேயே இருக்கும் ‘புதிய தேவாலய’த்துக்குக் கோபுரம் கிடையாது என்பதைக் கவனித்தவர்கள் உண்டா? நகரத்தின் பணம் தேவாலயக் கோபுரத்துக்கா, நகர மன்றத்துக்கா என்று அந்நாளில் பெரிய இழுபறி. கோபுரத்துக்கும் அஸ்திவாரம் போட்டார்கள், பாதியில் நின்றது. 1652இல் தொடங்கிய இங்கிலாந்துப் போரில் கருவூலம் இளைத்தபோது நகர மன்றத்திலும் ஒரு மாடியைக் குறைத்துவிடலாமா என்று பேச்சு வந்தது. குறைக்கவில்லை. 1655 ஜூலை 29 அன்று, கூரை வேலைகூட முடியாத நிலையில், திறப்பு விழா நடத்திவிட்டார்கள். கும்மட்டம் ஏறியது 1665 வாக்கில். மொத்தச் செலவு சுமார் 85 லட்சம் கில்டர் (அந்நாளைய டச்சு நாணயம்). கவிஞர் கான்ஸ்டன்டைன் ஹாய்கன்ஸ் இதை உலகின் எட்டாவது அதிசயம் என்று பாடினார். எட்டாவது அதிசயங்கள் உலகில் நிறைய உண்டு என்பதால் அதை விட்டுவிட்டு அஸ்திவாரத்துக்கு வருகிறேன்.

ஆம்ஸ்டர்டாமின் தரை முழுக்கக் கரிச்சேறும் களிமண்ணும். எடை தாங்கும் மணல் படுகை சுமார் 12 மீட்டருக்குக் கீழேதான் வருகிறது. அதுவரை எட்டுகிற நீளமான ஊசியிலை மரங்களை வட ஐரோப்பாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, பட்டை சீவி, மெல்லிய நுனி கீழே போகும்படி நிறுத்தி அடிப்பார்கள். மூன்று கால் சாரத்தின் உச்சியில் ஒரு உருளை. அதன் மேல் ஓடும் கயிற்றின் ஒரு முனையில் கனமான சம்மட்டிக் கட்டை. மறுமுனை பல கிளைகளாகப் பிரிந்து முப்பது நாற்பது பேர் கையில். ஒருவர் பாட்டெடுக்க, மற்றவர்கள் தாளத்துக்கு இழுத்து விடுவார்கள். கட்டை விழும் ஒவ்வொரு முறையும் மரம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அடித்தும் இறங்காத நிலை வந்தால் நுனி மணலைத் தொட்டுவிட்டது என்று கணக்கு. பிறகு தலைகளை ஒரே மட்டத்தில் அறுத்து, குறுக்கே உத்தரம் போட்டு, அதன் மேல் கனத்த பலகை பரப்பி, பலகை மேல்தான் செங்கல் வேலை தொடங்கும். இந்தக் கட்டடத்துக்கு 1648 ஜனவரி 20 அன்று முதல் மரத்தை அடித்தார்கள். முதல் கல் வைத்தது அக்டோபர் 28. இடையில் இறங்கியவை 13,659 மரங்கள். அந்த எண்ணை மறக்காமலிருக்க டச்சுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு குறுக்குவழி சொல்லித் தருவார்கள்: ஆண்டுக்கு நாள் 365, முன்னால் 1, பின்னால் 9.

மரம் தண்ணீரில் கிடந்தால் மட்கும் என்று கட்டுரையாளர் நினைத்திருக்கிறார். தண்ணீரில் முழுகிக் கிடப்பதுதான் அதற்குக் காவல். மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். நிலத்தடி நீருக்குள் காற்று கிடையாது. அதனால்தான் தலைகளை அறுக்கும் மட்டம் ஆண்டின் மிகக் குறைந்த நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே இருக்கவேண்டும் என்பது கண்டிப்பான விதி. கேடு வருவது நீர் வற்றும்போது. பழைய கழிவுநீர்க் குழாய் கசிந்து நிலத்தடி நீரைத் தனக்குள் இழுத்துக்கொண்டாலோ, பக்கத்து மனையில் பள்ளம் தோண்டி நீரை இறைத்தாலோ, தலைப்பகுதி காற்றுக்கு வெளிப்பட்டு, காலப்போக்கில் பஞ்சு போலாகிவிடும். கீழே பத்து மீட்டர் மரம் கெட்டியாக இருக்கும். மேலே அரை மீட்டர் போனதால் கட்டடம் சாயும். நகரின் கால்வாய் நீர்மட்டத்தை ‘ஆம்ஸ்டர்டாம் அளவைக்குறி’க்கு (அந்நாட்டில் உயரம் அளக்க அடிப்படையாகக் கொள்ளும் மட்டம்) 40 செ.மீ. கீழே என்று ஆண்டு முழுக்க நிலைநிறுத்தி வைப்பதில் இந்த மரங்களின் உயிரும் அடங்கியிருக்கிறது. இன்னொரு தொந்தரவும் உண்டு. தெருவை உயர்த்த மணல் கொட்டினால் அந்தப் பாரத்தில் சேறு அமுங்கும். அமுங்கும்போது மரத்தைப் பற்றிக்கொண்டு கீழே இழுக்கும். கட்டடத்தின் எடையோடு இந்த இழுவிசையும் சேர்ந்து ஏறும். நகரில் பல வீடுகள் முகம் சரிந்து நிற்பதற்கு இப்படிப்பட்ட அஸ்திவாரக் கோளாறுகள் ஒரு முக்கியக் காரணம். டாம் சதுக்கத்துக் கட்டடம் இன்றும் மரத்தின் மேல்தான் நிற்கிறது.

இனி வாசல். வடிவமைத்தவர் யாக்கோப் வான் காம்பன். ஓவியராகவும் இருந்தவர், இத்தாலியப் பாணியை, குறிப்பாக ஸ்காமொட்சியின் கட்டட இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர். வேலையை நடத்தியது நகரக் கட்டட அதிகாரி டானியல் ஸ்டால்பார்ட். இருவருக்கும் ஒத்துப்போகாமல் 1654இல் வான் காம்பன் விலகிப் போய்விட்டார். அவர் போட்ட கணக்கு எளிது. ஒரு பெரிய நீள்சதுரம். நடுவே ஒரு மாபெரும் கூடம். கூடத்துக்கு இருபுறமும் வெளிச்சத்துக்காகத் திறந்த முற்றம். முற்றங்களைச் சுற்றி நடைகூடம். நடைகூடத்தை ஒட்டி அலுவலக அறைகள். முகப்பு சுமார் 80 மீட்டர் அகலம். அடித்தளத்துக்கு மேல் இரண்டு வரிசைத் தட்டைத் தூண்கள். கீழ் வரிசைக்குக் கலப்புப் பாணித் தலைப்பு, மேல் வரிசைக்குக் கொரிந்தியத் தலைப்பு. ஒவ்வொரு வரிசையும் ஒரு முழு மாடியையும் ஒரு அரை மாடியையும் சேர்த்துப் பிடிக்கிறது. இதனால் வெளியிலிருந்து எண்ணுகிறவர்கள் மாடிக் கணக்கில் ஏமாந்துபோவார்கள்.

அத்தனை பெரிய முகப்பின் கீழே வெறும் ஏழு சிறிய வளைவு வாசல்கள். ஏழு மாகாணங்களைக் குறிப்பதாகச் சொல்வார்கள். கலகக் கூட்டம் உள்ளே பாயாமலிருக்க என்றும் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் தரைத்தளப் படத்தை ஒருமுறை பார்த்தால் காரணம் தானே தெரியும். வாசலுக்கு நேர் பின்னால், கட்டடத்தின் நடு அச்சில், மரண தண்டனை வாசிக்கும் நீதிக்கூடம் இருக்கிறது. டச்சில் ‘ஃபீர்ஸ்கார்’. அதை நடுவில் வைத்துவிட்டால் மக்கள் நேராக உள்ளே போகமுடியாது. இரு பக்கமும் பிரிந்து, இடமும் வலமுமுள்ள படிக்கட்டில் ஏறித்தான் மேல் கூடத்தை அடைய முடியும். நேர்வழியில் ராஜகம்பீரமான படிக்கட்டு வைக்க இடமே இல்லை. அரசன் இறங்கி வரும் மாளிகைக்குத்தானே அது வேண்டும்.

அந்த நீதிக்கூடம் சிறியது. ஆனால் கட்டடத்திலேயே கனமான இடம் அதுதான் என்பது என் எண்ணம். சிற்பி ஆர்ட்டஸ் குவெலினஸ், ஆண்ட்வெர்ப்பிலிருந்து வரவழைக்கப்பட்டவர். வெள்ளைப் பளிங்கில் அவமானத்தால் குனிந்த பெண்கள் சுவரைத் தாங்குகிறார்கள். இடையில் மூன்று புடைப்புச் சிற்பங்கள். ஒன்றில் சாலமோனின் தீர்ப்பு. இன்னொன்றில் தன் மகன்களையே மரண தண்டனைக்கு அனுப்பும் பழைய ரோமானியத் தலைவன் புரூட்டஸ். மூன்றாவதில், சட்டப்படி இரண்டு கண்ணையும் இழக்கவேண்டிய மகனுக்காகத் தன் கண் ஒன்றைக் கொடுக்கும், சட்டம் வகுத்த கிரேக்கன் சலூக்கஸ். பெற்ற பிள்ளைக்கும் சட்டத்தைத் தளர்த்தாத மனுநீதிச் சோழன் கதை தெரிந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. கம்பிச் சாளரம் வழியே சதுக்கத்திலிருந்த மக்கள் தீர்ப்பு வாசிப்பதைப் பார்க்கலாம். மாடியிலுள்ள மேயர்கள் அறையிலிருந்தும் கூடத்தை எட்டிப் பார்க்க ஒரு சாளரம் உண்டு. தண்டனை நாளில் முகப்பை ஒட்டிச் சதுக்கத்தில் மேடை கட்டுவார்கள். குற்றவாளியை முதல் மாடிச் சாளரம் வழியாக நேராக மேடைக்கு இறக்குவார்கள். தரைத்தளத்திலேயே சிறை அறைகளும் சித்திரவதை அறையும் இருந்தன. விருந்து மாளிகையில் இதெல்லாம் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாலே கட்டுரையாளருக்கு விடை கிடைத்திருக்கும்.

மாடியிலுள்ள ‘குடிமக்கள் கூடம்’ 120 அடி நீளம், 60 அடி அகலம், 90 அடி உயரம். இது ஆம்ஸ்டர்டாம் அடி. ஒன்று சுமார் 28.3 செ.மீ. ஆக நீளம் 34 மீட்டர், அகலம் 17. நம் அடிக்கணக்கில் மொழிபெயர்க்கும் வழிகாட்டி நூல்கள் நீளத்தை இரண்டரை மீட்டர் கூட்டிச் சொல்கின்றன. தரையில் மூன்று பெரிய வட்டங்கள்: பூமியின் கிழக்கு, மேற்கு அரைக்கோளங்கள் இரு பக்கமும், நடுவில் வடவானத்து விண்மீன்கள். பளிங்கில் உலோகக் கோடு பதித்த வேலை. முதலில் போட்டது மக்கள் காலடியில் தேய்ந்துபோனதால் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் புதிதாகப் பதித்தார்கள். ஆஸ்திரேலியா அதில் அரைகுறையாகத்தான் இருக்கும். அதன் கிழக்குக் கரையை அன்று எந்த ஐரோப்பியக் கப்பலும் கண்டிருக்கவில்லை. கூடத்தின் மேற்குச் சுவரில் நீதித் தெய்வம் பேராசைக்காரன் மைதாஸைக் காலின் கீழ் மிதித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கும் மேலே அட்லஸ், வானத்தைச் சுமந்தபடி.

இந்தக் கூடத்தில் நின்றுவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதிதான் பார்க்கிறார்கள். நடைகூடங்களுக்கு வந்து ஒவ்வொரு அறைக் கதவின் மேலும் பார்க்கவேண்டும். எழுத்துப் பலகை தேவைப்படாத அலுவலகம் அது. கதவின் மேலுள்ள சிற்பமே உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று சொல்லிவிடும். செயலர் அறைக்கு, இறந்துகிடக்கும் எசமானை விட்டு நகராத நாயும், உதட்டில் விரல் வைத்த மௌனமும்: விசுவாசம், ரகசியம். கப்பல் காப்பீட்டு அறைக்கு, கடலில் தள்ளப்பட்டும் டால்பின் முதுகில் கரைசேரும் இசைவாணன் ஏரியன். மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்களின் கணக்கு முடிக்கும் அறைக்கு, சூரியனை நெருங்கப் பறந்து, இறகை ஒட்டிய மெழுகு உருகி விழும் இக்காரஸ். அதைச் சுற்றியுள்ள தோரணத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். மற்றக் கதவுகளில் பூவும் பழமும் தொங்கும் இடத்தில் இங்கே காலிப் பணப்பெட்டி, செலுத்தாத கணக்குச் சீட்டுகள், அவற்றைக் கொறிக்கும் எலிகள். நடைகூடத்தில் காத்திருக்கும் கடனாளி தலையை உயர்த்தினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஒரு நகராட்சிக்கு இவ்வளவு குறும்பு இருந்திருக்கிறது.

தரைத்தளத்தில் நகர வங்கி. 1609இல் தொடங்கியது, ஐரோப்பிய வணிகத்துக்கே அந்நாளில் அச்சாணி. 1672இல் பிரெஞ்சுப் படை நாட்டுக்குள் நுழைந்தபோது போட்டவர்கள் எல்லாரும் பணத்தைக் கேட்டு வந்து நின்றார்கள். வங்கி தட்டாமல் கொடுத்தது. அப்போது வெளியே வந்த சில நாணயங்களில் பழைய நகர மன்றத் தீயின் கருக்கு இருந்ததாக ஆடம் ஸ்மித் எழுதியிருக்கிறார். அத்தனை ஆண்டும் பெட்டியைவிட்டு அசையாமல் கிடந்த பணம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அதே வங்கி பின்னாளில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ரகசியமாகக் கடன் கொடுத்துக் கொடுத்து 1790களில் நொடித்துப்போனது. இக்காரஸ் சிற்பம் மேல்மாடியில்தான் இருந்தது.

ஓவியங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ரோமருக்கு எதிராக எழுந்த, டச்சுக்காரர்கள் தங்கள் முன்னோராகக் கருதிய பட்டாவியர் குலத்தின் சதியாலோசனையை ரெம்பிராண்ட் 1661–62இல் நடைகூடத்துக்காக வரைந்து கொடுத்தார். சுமார் ஐந்தரை மீட்டர் உயரமும் அகலமும். சில மாதங்களே மாட்டியிருந்தது. இறக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். விற்பதற்காக வெட்டிச் சுருக்கியதில் மிஞ்சிய 196 × 309 செ.மீ. துண்டு இன்று ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வெளிச்சுவர் செங்கல், மேலே போர்த்தியது ஜெர்மன் எல்லையை ஒட்டிய பென்டைம் பகுதி மணற்கல். வெட்டும்போது வெளிர்மஞ்சள். 1660, 70களில் பெர்க்ஹைடெ வரைந்த ஓவியங்களில் கட்டடம் சதுக்கத்தில் பளிச்சென்று நிற்பதைக் காணலாம். மூன்றரை நூற்றாண்டுப் புகையும் மழையும் கருக்கிவிட்டன. மணற்கல் போர்வைக்குள்ள பொதுவான நோய், கற்களைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டைகள். நீர் புகுந்தால் இரும்பு துருப்பிடித்து ஊதும்; ஊதினால் கல் உள்ளிருந்தே பிளக்கும். மூட்டுகளில் சாந்து போனவுடன் கவனிக்காமல், மேலே கறுப்பை மட்டும் சுரண்டுவது கல்லுக்குச் செய்யும் இரட்டைத் தீங்கு. நம் ஊர்க் கோயில்களில் மணலைப் பீய்ச்சிக் கல்லைச் ‘சுத்தம்’ செய்தவர்கள் இதைப் படித்தால் நல்லது.

இப்போது உங்கள் படக்குறிப்பு. ‘முன்வாசல்’ என்று போட்டிருக்கும் படத்தில் உச்சியில் அட்லஸ் வானகோளத்தைச் சுமக்கிறான். அது பின்பக்கம், மேற்கு முகம். முன்முகத்தின் உச்சியில் நிற்பவள் ஆலிவ் கிளை ஏந்திய சமாதானத் தெய்வம். 1648 உடன்படிக்கையின் நினைவு. அவள் காலடி முக்கோண முகப்பில் நகரையே பெண்ணாக உருவகித்த ஆம்ஸ்டர்டாம் கன்னிக்குக் கடல் தெய்வங்கள் வணக்கம் செலுத்துகின்றன. பின்முகப்பில் நான்கு கண்டங்களும் சரக்கு கொண்டுவந்து கொட்டுகின்றன. அந்தப் பின்முகப்புதான் தமிழ் வாசகர் சற்று நின்று பார்க்கவேண்டிய இடம். டச்சுக் கம்பெனியில் பாதிப் பங்கு ஆம்ஸ்டர்டாம் கிளையுடையது. கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டியது 1613இல். போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தது 1658இல், இந்தக் கட்டடம் திறந்து மூன்றாவது ஆண்டில். சோழமண்டலத் துணி போனது. பழவேற்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களும் அடிமைகளாக பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறினார்கள். கல்லில் ஆசியா தானே விரும்பி வந்து கொடுப்பது போலத்தான் செதுக்கியிருக்கிறார்கள்.

அரண்மனை ஆனது எப்போது? 1808இல். நெப்போலியன் தன் தம்பி லூயியை 1806இல் ஹாலந்துக்கு அரசனாக்கினான். லூயி ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து இந்தக் கட்டடத்தை எடுத்துக்கொள்ள, மாநகராட்சி வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்தது. நடைகூடங்களை மரத்தட்டி வைத்து அறைகளாகத் தடுத்தார்கள். பளிங்குத் தரையை மூடினார்கள். முன்னால் பால்கனி வைத்தார்கள். சதுக்கத்தில் பார்வையை மறைத்த பழைய எடைக்கூடத்தை இடித்தார்கள். இன்று உள்ளே காணும் எம்பயர் பாணி நாற்காலி, கடிகாரம், சரவிளக்கெல்லாம் அவன் நான்காண்டு ஆட்சியின் மிச்சம். கட்டடத்தைவிட ஒன்றரை நூற்றாண்டு இளையவை. பிறகு வந்த ஆரஞ்சு வம்சத்து அரசர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தார்கள். 1936இல்தான் அரசு ஒரு கோடி கில்டர் கொடுத்து மாநகராட்சியிடமிருந்து முறைப்படி வாங்கியது. லூயியின் தட்டிகளை 20ஆம் நூற்றாண்டில் அகற்றி வான் காம்பனின் நடைகூடங்களைத் திரும்பத் திறந்தார்கள். 2005 முதல் 2009 வரை மூடி ஆஸ்பெஸ்டாஸ் நீக்கும் வேலையும் நடந்தது. அரசர் இங்கே குடியிருப்பதில்லை. அவர் வீடு ஹேக் நகரில். அரசு விருந்து, புத்தாண்டு வரவேற்பு போன்றவை இங்கே. அரசி பியாட்ரிக்ஸ் 2013 ஏப்ரல் 30 அன்று பதவி விலகும் ஆவணத்தில் கையெழுத்திட்டதும் இங்குள்ள மோசே அறையில்தான்.

உங்கள் கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டு பயணம் போகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் இதையும் சேர்த்துப் போடுங்கள். மத்திய ரயில் நிலையத்திலிருந்து டாம்ராக் தெருவில் பத்து நிமிட நடை. அரசு நிகழ்ச்சி இருந்தால் முன்கூட்டி அறிவித்து மூடிவிடுவார்கள். கிளம்புமுன் திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்முகம் கிழக்கு நோக்கியது. சமாதானத் தெய்வத்தைப் படமெடுக்கக் காலை வெயில். அட்லஸுக்குப் பின்தெருவில், கூடியவரை எதிர்ச்சாரி நடைபாதைக்குத் தள்ளிப்போய், மாலை வெயிலில் எடுக்க வேண்டும். கும்மட்டத்தின் உச்சியில் காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருப்பது சேவல் அல்ல. நகரின் பழைய முத்திரையிலிருந்த, ‘கோக்’ எனப்படும் இடைக்காலச் சரக்குக் கப்பல். வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது, தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்,
திருச்சி.